கோர்வைக்கு ஆள்

பிள்ளையார்பாளையத்து நமச்சிவாயம் வீட்டுக்குப் பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால், முதலில் அந்த வீட்டில் ஒரு பலகை காணாமல் போய்விடும். தறிக்கு இடப்பக்கம் சுவரோரமாகக் கிடக்கிற பலகைதான். தரகர் அப்பாதுரையின் ஸ்கூட்டர் தெருமுனையில் இருமிக்கொண்டு நிற்கிற சத்தம் கேட்டதும் நமச்சிவாயம் தறிக்குழியிலிருந்து எழுந்து, தன் கையாலேயே அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் துணி துவைக்கிற இடத்தில் சாத்திவிட்டு வருவார். அதுவரை அந்தப் பலகைமேல் உட்கார்ந்திருந்த அவர் மகள் ஏலவார்குழலி கையைக் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட வேண்டும். அங்கே அம்மா புவனேஸ்வரி தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு காத்திருப்பாள். பட்டும் ஜரிகையும் உரசி உரசிக் காய்த்துப்போன மகளின் விரல்களில் எண்ணெயைத் தடவித் தேய்ப்பாள். எட்டு வருஷத்துக் காய்ப்பு ரெண்டு சொட்டு எண்ணெயில் கரைந்துவிடுமா? ஆனாலும் தேய்ப்பாள், பாவம்.

கூடத்தில் நமச்சிவாயம் வந்தவர்களுக்குப் பாயை விரித்துப்போட்டுவிட்டுத் தன் வசனத்தை ஆரம்பிப்பார்.

"எங்க பொண்ணு தறி பக்கமே போனதில்லைங்க. டிகிரி முடிச்சிட்டு வீட்டோட இருக்குது. செல்லமா வளத்துட்டோம்."

தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இதில் ஒரு சொல் மாறாது. வருகிறவர்களிடம் மட்டுமா? நெசவாளர் சொசைட்டியில், டீக்கடையில், ஏகாம்பரநாதர் கோயில் வாசலில், யார் 'பொண்ணு என்ன பண்ணுது' என்று கேட்டாலும் இதே பதில்தான். தறி நெய்கிறவன் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுப்பதில்லை என்று அவர் ஒரு சபதம் வைத்திருந்தார். தறியில் உட்கார்ந்த பெண் என்று வெளியே தெரிந்தால் தறி வீட்டுக்காரன்தான் கேட்டு வருவான், மாசச் சம்பளக்காரன் வரமாட்டான் என்பது அவர் கணக்கு. தெருவில் எல்லாருக்கும் உண்மை தெரியும். தறிச் சத்தத்தையும் அதற்கு நடுவே குழலி தும்முவதையும் கேட்டுக்கொண்டுதானே அடுத்த வீட்டில் சோறு பொங்குகிறார்கள்? தெரியாத மாதிரி இருப்பது அந்தத் தெரு நமச்சிவாயத்துக்குக் காட்டிய மரியாதை. நாசமாய்ப்போன மரியாதை.

கோர்வைச் சேலை என்றால் என்னவென்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு இழையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோர்த்துக்கொள்ள வேண்டும். குழிக்குள் உட்கார்ந்திருக்கிறவர் உடலையும் வலப்பக்கத்துக் கரையையும் பார்த்துக்கொள்வார். இடப்பக்கத்துக் கரைக்கு இன்னொரு ஆள் பலகைமேல் உட்கார்ந்து, ஊடை நூலைச் சுமந்து ஓடுகிற தனி நாடா ஒன்றைப் போட வேண்டும். அந்த ஆள் எழுந்து போய்விட்டால் குழியில் இருக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சேலை முடிந்தால் நமச்சிவாயம் நெய்தது என்பார்கள். சொசைட்டி அட்டையில் இருப்பதும் அவர் பெயர்தான். பலகையில் இருக்கிற ஆளுக்குப் பெயர் கிடையாது. 'கூட உக்காருது' என்பார்கள், அவ்வளவுதான்.

முதலில் கூட உட்கார்ந்தது மகன் உதயகுமார். அவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறினான். வீடே சந்தோஷப்பட்டது, குழலியும்தான். அதே வருஷம்தான் அவள் பி.எஸ்சி. வேதியியல் முடித்து, வேலூரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. சீட் வாங்கி வைத்திருந்தாள். தறியில் ஒரு சேலை பாதியில் நின்றது. ஒரு ஆறு மாசம் கூட உக்காரும்மா, நான் வேற ஆளு பாத்துக்கினு இருக்கேன் என்றார் அப்பா. குழலி உட்கார்ந்தாள். அந்த வேற ஆள் எட்டு வருஷமாக வந்துக்கினே இருக்கிறார், இன்னும் தெருமுனை திரும்பவில்லை.

குழலி அழுது ஆர்ப்பாட்டம் செய்கிற ஜாதி இல்லை. கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வாள், நாடா மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடும். எந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்தாலும், சோப்புத்தூளோ எலிமருந்தோ, பின்பக்கம் திருப்பி அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். சாயம் போடுகிற தெரு வழியாகப் போனால் சாக்கடையில் ஓடுகிற சிவப்பைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். இது எங்கே போய்ச் சேருது, யார் குடிக்கிறது என்று கேட்பாள். 'உனக்கு எதுக்குமா அது, வா' என்று அம்மா கையைப் பிடித்து இழுப்பாள்.

கூடப் படித்த சங்கீதா ஆஸ்திரேலியாவில் குடிநீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் இருந்தாள். ஒருநாள் போனில் பேசும்போது, இங்க என் கிளாஸ்ல பேரன் எடுத்த பொம்பளைகூடப் படிச்சாங்க, நீ ஏன் வரக்கூடாது என்று சாதாரணமாகக் கேட்டாள். அவளுக்கு அது சாதாரணம். குழலிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் ஒரு வருஷம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். போனைத் தறிக்கட்டையில் சாய்த்துவைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு, நாடா போட்டபடியே ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்தாள். இன்னொரு காது அப்பாவுக்கு. அவர் மிதிக்கிற தாளம் தப்பினால் கரை கோணிக்கொள்ளும். வாய்க்குள்ளேயே ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பார்ப்பாள். மகள் ஸ்லோகம் சொல்கிறாள் என்று அப்பா வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். பரீட்சையில் நல்ல மார்க் வந்தது. கழிவுநீர் சுத்திகரிப்பு பற்றிய முதுகலைப் படிப்புக்கு இடமும் வந்தது. பேங்க் லோனுக்குத் தாய்மாமன் ஜாமீன் நின்றார். அப்பா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. 'படிக்கட்டும், நல்லதுதானே' என்றார். அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். போய்விட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவர் நினைக்கவே இல்லை.

மிச்சம் இருந்தது விசா. காந்தி ரோட்டில் ஒரு மொபைல் கடைக்கு மேலே கன்சல்டன்சி வைத்திருந்த விஷால் அவள் பேப்பரையெல்லாம் புரட்டிவிட்டு, இந்த எட்டு வருஷம் என்ன மேடம் பண்ணீங்க, கேப் ரொம்பப் பெருசா இருக்குதே என்றான். தறி நெய்தேன் என்றாள். அது சரி மேடம், வேலை என்ன பார்த்தீங்க என்றான். நல்ல பையன்தான், பரிகாசமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் சுருக்கென்றது. தன் சிநேகிதன் ஒருவனுக்குச் சென்னையில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி இருக்கிறது, அங்கே எட்டு வருஷம் ஆபீஸ் வேலை பார்த்த மாதிரி சர்டிபிகேட் வாங்கிவிடலாம், எல்லாரும் செய்கிறதுதான் என்று வழி சொன்னான்.

"நான் ஒண்ணும் சும்மா உக்காந்துக்கினு இல்லீங்க. வேலை பாத்திருக்கேன். பாக்காத வேலையை எதுக்குப் பாத்தேன்னு எழுதணும்?"

எட்டு வருஷத்தில் நான் வேலை பார்த்தேன் என்று அவள் வெளியாள் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சரி மேடம், அப்போ ப்ரூஃப் குடுங்க என்றான் விஷால். அங்கேதான் வந்தது வினை. சம்பளச் சீட்டு கிடையாது, அப்பா மகளுக்குச் சம்பளமா தருவார்? சொசைட்டி அட்டை அப்பா பெயரில். சரி, தறியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி பழைய போட்டோ? அதுவும் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிட்டால் என்று பயந்து அம்மா ஒரு போட்டோகூட எடுக்க விட்டதில்லை. ஒரு தீபாவளிக்கு அண்ணன் விளையாட்டாக எடுத்ததையும் உட்கார்ந்து அழிக்க வைத்தாள். குழலியின் நல்லதுக்கென்றே பார்த்துப் பார்த்து, அவள் அங்கே இருந்ததற்கு ஒரு தடயம் இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்கள். சொசைட்டி குமாஸ்தா ஆதிகேசவனிடம் போய்க் கேட்டாள். நான் நாள்தோறும் பாக்குறதுதாம்மா, ஆனா மெம்பர் உங்கப்பா, அவர் எழுதிக் குடுத்தா நான் சீல் போடறேன் என்றார்.

விஷால் ஆங்கிலத்தில் அடித்துக்கொடுத்த தாளை அப்பா முன்னால் வைத்தாள். நான் எட்டு வருஷமா உன்கூடத் தறியில வேலை பாத்தேன்னு இதுல எழுதியிருக்குதுப்பா என்றாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷ்லதானே இருக்குது என்று கேட்டார். ஆமாம் என்றதும் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். இங்கிலீஷில் இருந்தால் தெருவில் எவன் படிக்கப்போகிறான்?

விஷால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தான். வேற எந்த ப்ரூஃபும் நம்மகிட்ட இல்ல, அதனால விசா ஆபீஸ்லேர்ந்து உங்கப்பா நம்பருக்குக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அவர் ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எல்லாம் அதுலதான் இருக்குது என்றான். குழலி வீட்டுக்கு வந்து அப்பாவிடம், போன் வந்தா உள்ளதை உள்ளபடி சொல்லுப்பா என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இன்னும் விளக்கியிருக்கலாம், ஒரு தடவை சொல்லவைத்துக் கேட்டிருக்கலாம். உண்மையைச் சொல்ல ஒத்திகை எதுக்கு என்று விட்டுவிட்டாள். அதிலும் அவளுக்கு ஒரு வீம்பு. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளை 'ஆமாம் உட்கார்ந்தாள்' என்று சொல்லப் பெற்ற அப்பனுக்குச் சொல்லிக்கொடுக்கணுமா?

போன் வந்த அன்றைக்கு அவள் மெடிக்கல் டெஸ்டுக்காகச் சென்னை போயிருந்தாள். அவள் இல்லாததால் தறி நின்றது. சும்மா கிடந்த நமச்சிவாயம் சொசைட்டி வாசலில் அதே தெருப் பூவராகவனோடும் இன்னும் நாலு பேரோடும் உட்கார்ந்திருந்தார். தறிச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தம், எந்த போன் வந்தாலும் ஸ்பீக்கரில்தான் போடுவார். போட்டார். ஒரு பெண் குரல், மரியாதையான தமிழ். எங்கிருந்து பேசுகிறேன் என்று அவள் சொன்னது லாரிச் சத்தத்தில் போய்விட்டது. உங்க பொண்ணு ஏலவார்குழலியைப் பத்தி ஒரு விசாரணைங்க சார் என்றது மட்டும் கேட்டது. அப்பாதுரை அனுப்புகிற மனிதர்களும் இப்படித்தானே பேச்சை ஆரம்பிப்பார்கள்? அடுத்த கேள்வி வாசல் முழுக்கக் கேட்டது: உங்ககூட அவங்க தறி வேலை பாத்தாங்களா? பூவராகவன் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

சாயங்காலம் குழலி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அப்பா சிரித்த முகத்தோடு எதிரே வந்தார். போன் வந்துச்சும்மா, உன்னைப் பத்தி ஒரு குறை வெக்காம ஒசத்தியாச் சொல்லிட்டேன் என்றார்.

"என்னப்பா கேட்டாங்க?"

"நீ தறியில வேலை பாத்தியான்னு கேட்டாங்க. அதெல்லாம் இல்லம்மா, எங்க பொண்ணு தறி பக்கமே போனதில்ல, செல்லமா வளத்துட்டோம்னு சொன்னேன். தேங்க்யூ சார்னு வெச்சிடுச்சு அந்தப் பொண்ணு."

குழலி ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாக அப்படியே நின்றாள். அப்பாவின் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. அவர் முட்டாள் இல்லை; மகள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அது மாப்பிள்ளை வீட்டு போன் இல்லையா என்று கேட்டார். அவள் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். பூவராகவன் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தான்மா என்றார், யாரோ பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி. எட்டு வருஷமாகப் பூவராகவனிடம் சொன்னதை ஒரு போனுக்காக மாற்றிச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. பூவராகவனுக்கோ எல்லாமே முன்னாடியே தெரியும். இதை என்னவென்று சொல்வது?

விஷால் ஓடி ஓடி மெயில் போட்டுப் பார்த்தான். அப்பாவுக்குக் கேட்கவில்லை, கேள்வி புரியவில்லை என்று விளக்கம் எழுதினான். போன புகை திரும்பி அடுப்புக்குள் வருமா? சில வாரத்தில் பதில் வந்தது: விசா இல்லை. எழுத்தில் கொடுத்ததும் போனில் சொன்னதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று ரெண்டு வரி. அவர்கள் மேல் என்ன தப்பு? முன்பின் தெரியாத மனிதர்கள், கேட்டார்கள். பெற்ற தகப்பனே 'இல்லை' என்றார். இல்லை என்றே எழுதிக்கொண்டார்கள். அந்தப் பொய் சர்டிபிகேட்டை வாங்கியிருந்தாலாவது என்று விஷால் ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அடுத்த செமஸ்டருக்கு மறுபடி போடலாம் மேடம், ஆனா உங்கப்பா தன் வாயாலயே சொல்லணும், வீடியோவிலயும் சொல்லி நோட்டரிகிட்டயும் எழுதித் தரணும், இன்னொரு தபா மாத்திப் பேசினா அப்புறம் எந்தக் காலத்திலயும் கிடைக்காது என்றான்.

குழலி வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவில்லை. பலகையில் உட்கார்ந்தாள். அப்பா மிதித்தார், அவள் நாடாவைப் போட்டாள். அவர் மிதித்தார், அவள் போட்டாள். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பது, மறுபடி உட்கார்வது, வெளிச்சம் போனதும் எழுந்திருப்பது. போனைக் கட்டையில் சாய்க்கவில்லை, காதில் எதையும் மாட்டவில்லை. சுவருக்கும் தறிக்கும் நடுவே ஒரு ஆள் நுழைகிற சந்துதான் அவள் இடம். எட்டு வருஷமாக அதில் உட்கார்ந்தவளுக்கு இப்போதுதான் முழங்கை சுவரில் இடித்தது. மூச்சு முட்டுகிறது என்று அம்மாவிடம் ஒரு தடவை சொன்னாள். ஃபேனைத் திருப்பிவிட்டாள் அம்மா.

அப்பா அவளைத் தாஜா பண்ணிப் பார்த்தார். காராசேவு வாங்கி வந்து பலகைமேல் வைப்பார். எறும்பு மொய்த்த பிறகு அம்மா எடுத்துப் போடுவாள். நான் வேணும்னு செய்யலம்மா என்று ஒருநாள் தறிச் சத்தத்துக்குள்ளேயே சொன்னார். அது அவளுக்கும் தெரியும். வேணுமென்று செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அதுகூட இல்லாமல் போனதே.

இப்படி இருக்கும்போதுதான் அப்பாதுரை ஒரு இடம் கொண்டுவந்தார். அய்யம்பேட்டை. பையன் பெயர் கதிர்வேல், ஸ்ரீபெரும்புதூரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் நிரந்தர வேலை. நமச்சிவாயம் இத்தனை வருஷம் வாய் ஓயாமல் கேட்ட மாசச் சம்பளம்! குழலிக்கு விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை. எங்கேயோ போய்த்தானே ஆக வேண்டும் என்று இருந்தாள். இந்தச் சந்திலிருந்து வெளியே போனால் சரி, எந்த வாசல் வழியாகப் போனால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு வந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வழக்கம்போல் குழலி எழுந்து கை கழுவப் போனாள், அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். நமச்சிவாயம் குழியிலிருந்து எழுந்தார். பலகையைப் பார்த்தார். அதைத் தொடாமல் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அம்மா பதறிப்போய்ப் பலகையைத் தூக்கப் போனாள். இருக்கட்டும் விடு என்று அங்கிருந்தே சொன்னார்.

கதிர்வேலும் அவன் அம்மாவும் அப்பாவும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பையன் அடக்கமாக இருந்தான். கதிர்வேலின் அம்மா தறியைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். பொண்ணு என்னங்க பண்ணுது என்று கேட்டாள். உள்ளறையில் குழலியின் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. நமச்சிவாயத்துக்கு வாயில் அந்தப் பழைய வசனம் வந்து நின்றிருக்க வேண்டும், தொண்டையைக் கனைத்தார்.

"எம் பொண்ணு எட்டு வருஷமா என்கூடத் தறியில உக்காந்திருக்குதுங்க. இந்த வீட்ல இத்தினி வருஷம் இறங்கின சேலையில பாதி அதோட கைதான். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. தப்புதான்."

அப்பாதுரை வாயைத் திறந்தபடி இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் எழுந்துபோய்விடுவார்கள் என்று நமச்சிவாயம் தயாராக இருந்தார். எழுந்து போகட்டும், என் வாய் செய்த பாவத்துக்கு இதுதான் கூலி என்று நினைத்தாரோ என்னவோ. உள்ளே குழலிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்லிவிட்டார். எல்லார் காதும் கேட்கச் சொல்லிவிட்டார்.

யாரும் எழுந்து போகவில்லை. கதிர்வேலின் அம்மா எழுந்து நேராக உள்ளறைக்கு வந்தாள். எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த குழலியின் கையை எடுத்துத் திருப்பி, ஆள்காட்டி விரலின் காய்ப்பைத் தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்தது.

"இந்தக் கையைத்தாம்மா நாங்க தேடிக்கினு இருந்தோம். இவன் கம்பெனிக்குப் போனதிலேர்ந்து எங்க வீட்டுக்காரர் தறியில ஒண்டியா உக்காந்துக்கினு வெறும் சேலை போட்டுக்கினு இருக்கார். கோர்வைக்கு ஆள் இல்ல."

நல்ல மனுஷி. வாஞ்சையாகத்தான் சொன்னாள். தன் ஊரிலேயே அழகான பலகை அவர்கள் வீட்டில் இருக்கிறது, தேக்குப் பலகை, வழவழவென்று இருக்கும் என்றும் சொன்னாள். கூடத்தில் கதிர்வேலின் அப்பாவும் நமச்சிவாயமும் சிரித்துப் பேசிக்கொள்கிற சத்தம் கேட்டது; பையன் மாசச் சம்பளக்காரன்தானே, சபதம் தப்பவில்லை என்று நமச்சிவாயம் தேற்றிக்கொண்டிருப்பார். கதிர்வேல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஷிப்டு நேரம். நல்ல நாள் பார்த்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அவர்கள் போனதும் வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தார். சேலை முந்தியை நெருங்கியிருந்தது. ரெண்டு நாளில் இறக்கிவிடலாம். குழலி வந்து பலகையில் உட்கார்ந்தாள். நாடாவை எடுக்கவில்லை. அப்பா மிதித்தார், நூல் பிரிந்து வாய் திறந்து நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் உள்ளதைத்தாம்மா சொன்னேன்" என்றார்.

"யார்கிட்டப்பா சொன்ன?"

விஷால் சொன்னதை அப்போதுதான் அவள் அவரிடம் சொன்னாள்: மறுபடி போடலாம், ஆனால் வீடியோவில் அவர் வாயால் வர வேண்டும், அப்புறம் நோட்டரி. அய்யம்பேட்டைக்காரர்களுக்கு நாளைக்கே வேண்டாம் என்று சொல்லி அனுப்ப வேண்டும் என்றும் சொன்னாள். இடுப்பிலிருந்து போனை எடுத்துத் தறிக்கட்டையில், முன்பெல்லாம் இங்கிலீஷ் படித்த அதே இடத்தில், அவர் முகத்துக்கு நேராகச் சாய்த்து வைத்தாள். அவங்ககிட்ட சொன்னதையே இதுல சொல்லு, சொல்லி முடிச்சப்புறம் நாடாவைத் தொடறேன் என்றாள். சிவப்புப் புள்ளியைத் தொட்டாள்.

அவர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார். தலையைக் கோதினார். போன்தான் பெண் பார்க்க வந்த ஆள் என்கிற மாதிரி அதைப் பார்த்தார்.

"என் பேரு நமச்சிவாயம். காஞ்சிபுரம். பட்டுத் தறி. எம் பொண்ணு ஏலவார்குழலி எட்டு வருஷமா..."

நின்றார். நின்றுபோன தறியைப் பார்த்தார், வாய் திறந்து நிற்கிற நூலைப் பார்த்தார், சந்தில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த நினைப்பு அப்போதுதான் முதல் தடவையாக அவருக்கு வந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நீ போயிட்டா கோர்வைக்கு யாரும்மா?"

எட்டு வருஷமாக அவளும் தேடுகிற பதில் அது. கிடைத்திருந்தால் எப்போதோ வேலூருக்கு பஸ் ஏறியிருப்பாள். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்துக்கு இரங்கி ஒரு சொல் பேசினால் போதும், கை தானாக நாடாவை எடுத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். எடுக்காமல் இருக்கக் கைகளை மடியில் கோர்த்துக்கொண்டாள்.

"தெரியலப்பா" என்றாள்.

கையில் இருந்த எண்ணெய் போனில் ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்து, பாதியில் நின்ற பதிவை அழித்துவிட்டு, மறுபடி நிமிர்த்தி வைத்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லு."